சத்தம் போடாத குக்கர்

பத்தே முக்கால். ஏழு மணிக்குப் போட்ட கொள்ளு இன்னும் வெந்துகொண்டுதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடிகிறது. சமையல் மேடையின் ஓரத்தில், நேற்று வரை மிக்சி இருந்த இடத்தில், கறுப்பாக, முட்டை வடிவத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த ஸ்லோ குக்கரில் ஏதோ நடக்கிறது என்பதற்கு அடையாளம் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும். கண்ணாடி மூடியின் உள்பக்கம் முழுக்க நீர்த்துளிகள். ஒரு துளி பெரிதாகி, பக்கத்துத் துளியைத் தொட்டு, இரண்டும் ஒன்றாகி விளிம்புக்கு வழுக்கிப் போவது இந்தச் சாப்பாட்டு மேஜையிலிருந்தே தெரிகிறது. சத்தம் இல்லை. அதற்காகத்தான் வாங்கினேன், ஆனால் அதற்காக என்று அம்மாவிடம் சொல்லவில்லை. எண்ணெய் குறைவாகப் போதும், சத்து வீணாகாது, உன் சர்க்கரைக்கு நல்லது, அடிப்பிடிக்காது என்று நாலு காரணம் சொன்னேன். நாலும் உண்மைதான். ஐந்தாவதைச் சொல்லவில்லை. ஐந்தாவது, அம்மாவுக்குக் காது கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை நான் சென்னையில் புது வேலையில் சேர வேண்டும், நாளை இரவு ரயில், அதற்குள் இதை அவளிடம் சொல்லி, காது டாக்டரிடம் அழைத்துப் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் கேட்காத காதோடும் விசில் அடிக்கிற குக்கரோடும் அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறேன் என்று அர்த்தம். சொல்ல வேண்டிய வாக்கியம் ஒரு வாரமாகத் தயாராக இருக்கிறது. அம்மா, உனக்குக் காது சரியாக் கேக்கறதில்ல, நாளைக்குக் காலைல டாக்டர்கிட்டப் போய்ட்டு வரலாம். பத்துச் சொற்கள். தினமும் ஓட்டிப் பார்க்கிறேன். முதல் நாலு சொற்கள் வழுக்கிக்கொண்டு போகின்றன, ஐந்தாவதில் கல் தட்டுப்பட்ட மாதிரி நின்றுவிடுகிறது, மறுபடி அம்மா என்று தொடங்க வேண்டியிருக்கிறது.

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் சீலிங்கைக் காட்டலாம். அடுப்புக்கு நேர் மேலே மஞ்சளாகவும் பழுப்பாகவும் புள்ளிகள். போன மாதம் நான் ஐந்து நாள் பயிற்சிக்குச் சென்னை போயிருந்தபோது வந்தவை. திரும்பி வந்த அன்று பையை இறக்கி வைக்கும் முன்பே பார்த்துவிட்டேன், பார்க்கக் கூடாததை முதலில் பார்த்துவிடுவது எனக்கு வழக்கம். அம்மாவின் கை எட்டுகிற உயரம் வரை சுவரின் டைல்ஸ் பளபளவென்று இருந்தது. அதற்கு மேலே, கோடு போட்ட மாதிரி, கொள்ளு தொடங்கியது. குக்கரின் அடி கருகி, புளி போட்டுத் தேய்த்தும் நிலா மாதிரி ஒரு வட்டம் மிச்சம். வால்வு புதிது. "ஒண்ணுமில்ல கண்ணு, துவைக்கற கல்லுல நின்னுட்டிருந்தேன், மறந்துட்டேன்" என்றாள். துவைக்கிற கல்லுக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு கதவு, எட்டு அடி. குக்கர் தண்ணீர் வற்றிக் கத்துகிற கத்தலை எட்டு அடியில் மறக்க முடியாது. அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. போன் அடித்தால் அம்மாவின் கை எப்போதும் ஈரமாக இருக்கும், "நீ எடுத்துப் பேசு, கை ஈரம்" என்பாள். அந்த ஐந்து நாளும் நான் கூப்பிட்டபோதெல்லாம், சும்மா குரல் வேண்டாம், முகம் தெரியற மாதிரிப் போடு என்றாள். விடுதி அறையில் ஆறு பேர் நடுவே முகத்தைப் போனுக்குக் காட்டிக்கொண்டு உட்கார எனக்குக் கூச்சம், ஆனாலும் காட்டினேன், பாசம் என்று நினைத்துக்கொண்டேன். பாசமும் இருக்கலாம். ஒரு செயலுக்கு ஒரே காரணம்தான் இருக்க வேண்டுமா. ஆனால் இங்கேதான் எனக்குக் கணக்கு இடிக்கிறது. நான் வீட்டில் இருக்கும்போது அம்மா விசிலைத் தப்பவிட்டதே இல்லை. கொள்ளுக்கு ஏழு, துவரம்பருப்புக்கு நாலு, சாதத்துக்கு மூன்று, எல்லாம் சரியாக, அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இதோ இந்த மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி எண்ணுவாள். ஒரு விசிலுக்கு ஒரு வெங்காயம். உரித்ததை மற்றவற்றோடு போடாமல் தட்டுக்கு வெளியே தனியாக வைப்பாள், சாதம் என்றால் மூன்று சேர்ந்ததும் எழுந்து போய் அடுப்பை அணைப்பாள். சின்ன வயதில் அது எனக்கு ஒரு விளையாட்டு, வெளியே வைத்த வெங்காயங்களை என் பொம்மைகளுக்குப் பெயர் வைப்பதுபோலப் பெயர் வைத்து வரிசையாக நிறுத்துவேன். காது கேட்காதவள் எப்படி எண்ணுகிறாள். கேட்கிறவள் என்றால் சீலிங்கில் எப்படிக் கொள்ளு. இந்த இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும், ஐந்தாவது சொல்லில் நான் தடுக்கி விழுவதற்கு ஒருவேளை இந்தச் சந்தேகம்தான் காரணமோ, இல்லை, அது நான் எனக்கே சொல்லிக்கொள்கிற சாக்கு, காரணம் பயம்தான், அவள் முகம் சுருங்கிப் போவதை மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிற பயம்.

கடையிலும் இப்படித்தான். கிராஸ்கட் ரோட்டில் அந்தக் கடையின் மூன்றாவது மாடியில் ஒரே அலமாரியில் ஆறு ஸ்லோ குக்கர் இருந்தன, யாரும் அதிகம் கேட்காததால் தூசி. என்ன கேட்க வேண்டும் என்பதைப் படியேறும்போதே தயார் செய்துகொண்டுதான் போனேன். விற்பனை ஆள், மீசை இன்னும் சரியாக வராத ஆள், ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இது ஒன்றரை லிட்டர், இது மூன்றரை, இது ஆறு, உள்ளே இருக்கிறது பீங்கான், கனமாக இருக்கும், அப்படியே எடுத்து மேஜையில் வைத்துப் பரிமாறலாம். எத்தனை பேருக்கு மேடம் என்றார். அதை நான் தயார் செய்யவில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒரு ஆள். ஒரு ஆளுக்கு என்பதற்கு உதடு கூடவில்லை. ரெண்டு பேருக்கு என்றேன். அவர் மூன்றரையை முன்னால் நகர்த்தி ஒன்றரையைப் பின்னால் தள்ளினார், அவ்வளவு எளிதாக முடிவாகிவிட்டது. அதன் பலன், பாத்திரம் பாதியாவது நிறைந்திருக்க வேண்டும் என்று அதனோடு வந்த சின்னப் புத்தகம் சொல்வதால் இன்றைக்கு இரண்டு பேருக்கு முக்கால் கிலோ கொள்ளு. பிறகு அவர் விலை கூடிய ஒன்றை எடுத்துப் பித்தான்களை அழுத்திக் காட்டினார். "இது முடிஞ்சதும் தானே பீப் அடிக்கும் மேடம். பக்கத்து ரூம்ல டிவி ஓடினாலும் கேக்கும்." அடித்தும் காட்டினார், என் கண் தானாக மூடித் திறந்தது. "பீப் அடிக்காதது இருக்குதுங்களா?" "அடிக்காததா?" அவர் வாழ்க்கையில் யாரும் அப்படிக் கேட்டதில்லை என்பது தெரிந்தது. சற்று யோசித்து, குரலைத் தணித்து, "குழந்தை தூங்குதுங்களா மேடம்?" என்றார். "ஆமாங்க" என்றேன். இல்லாத குழந்தையின் தூக்கத்துக்காக, திருகு மட்டும் உள்ள, மூன்றே நிலை உள்ள, வாய் பேசாத ஒன்றைக் கொடுத்தார். குறைவு, அதிகம், சூடு. சிவப்பு விளக்கு இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டேன். கண்ணுக்குத் தெரிந்தால் போதும், காது வேண்டியதில்லை. மறந்தாலும் வெடிக்காது, பொங்காது, கத்தாது, மாலை வரை கிடந்தாலும் குழைவதைத் தவிர வேறு குற்றம் செய்யாது. நான் இல்லாத வீட்டுக்கு நான் வாங்கி வைத்துவிட்டுப் போகிற ஆள் இது.

அம்மா கொல்லைப்புறத்திலிருந்து வருகிறாள். தட்டில் சின்ன வெங்காயம். வந்ததும் முதலில் ஸ்லோ குக்கரிடம் போய் நின்று, மூடியின் மேல் விரல் நுனியை வைத்து எடுத்துக்கொள்கிறாள், காய்ச்சல் பார்ப்பதுபோல. திரும்பி என்னைப் பார்க்கிறாள்.

"ஏங்கண்ணு, தொறந்து பாக்கட்டுமா?"

"வேண்டாம்மா. ஒரு தடவை தொறந்தா இருபது நிமிசம் பின்னால போயிரும்."

"தொட்டுப் பாக்காம வெந்துதான்னு எப்பிடித் தெரியும்?"

"புத்தகத்துல அஞ்சு மணி நேரம்னு போட்டிருக்குது. பன்னெண்டுக்குத் தொறந்தாப் போதும்."

"கொள்ளு அந்தப் புத்தகத்தைப் படிச்சுதா?"

நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள். "இத்தனைக்கும் ராத்திரி பூரா ஊறுன கொள்ளு. காலையில பத்து நிமிசம் அடுப்புல கொதிக்க வேற வச்சே. அதுக்கு மேலயும் அஞ்சு மணி நேரமா. சரியான மந்தக் குக்கரு." சொல்லிவிட்டு அரிசியைக் களையப் போய்விட்டாள். மந்தம். எங்கள் பக்கம் காது மந்தம் என்றுதான் சொல்வார்கள், அதைவிடக் கடுமையான சொல்லை யாரும் வீட்டுக்குள் எடுப்பதில்லை. என் பத்துச் சொற்களுக்குப் பதிலாக அந்த ஒரு சொல் போதும், அதை அவளே எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போகிறாள், எதற்கு வைக்கிறோம் என்று தெரியாமல். மந்தக் குக்கரு என்று அவள் சொன்னபோதே, ஆமாம்மா, உன் காது மாதிரி என்று சிரிப்போடு சிரிப்பாகச் சொல்லியிருக்கலாம். கல்லூரியில் கூட இருந்தவர்கள் அப்படித்தான் கடினமானதையெல்லாம் சொல்வார்கள், சிரிப்பில் சுற்றி. எனக்குச் சிரிப்பு முடிந்த பிறகுதான் சொல் வருகிறது. வருகைப்பதிவில் என் பெயர் வருவதற்கு நாலு பெயர் முன்பே, உள்ளேன் ஐயா என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன், பக்கத்தில் இருந்த வர்ஷினி, "மேகலா, சாமி கும்புடறியா, உதடு ஆடுது" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள் ஒருநாள். அதிலிருந்து புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வேன். அரிசிக் குக்கரை அம்மா அடுப்பில் ஏற்றி, மூடி, வெயிட்டைப் போட்டுவிட்டாள். சாதத்தையும் அதிலேயே போட்டிருக்கலாம், குழையும் என்று நான்தான் சொன்னேன். எனக்கு விசில் சத்தம் ஆகாது. காரணம் எதுவும் இல்லை, யார் வீட்டிலும் எதுவும் வெடித்து நான் பார்த்ததில்லை. நாலு வயதிலிருந்து, விசில் அடிக்கும்போதெல்லாம் கண் இறுக மூடி, இடது தோள் காதை நோக்கி ஏறிவிடும். அப்பா இருந்தவரை அதைக் கிண்டல் செய்வார், அவர் போய் ஆறு வருடம், இப்போது யாரும் எதுவும் சொல்வதில்லை, நானும் மறந்துவிட்டேன், தோள் மட்டும் மறக்கவில்லை.

அம்மா எதிரே வந்து உட்கார்ந்தாள். அடுப்புக்கு முதுகு, எனக்கு முகம். தட்டு நடுவில். அவள் வெங்காயத்தின் நுனியைக் கிள்ளி, தோலை ஒரே இழுப்பில் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். விரல்கள் இன்னும் நூல் பிடிக்கிற விரல்கள். பதினெட்டு வருடம் நூல் மில்லில் இருந்தாள், அறுந்த இழையை, சுற்றி ஓடுகிற நூல் கதிரிலேயே பிடித்து முடிச்சுப் போடுகிற வேலை. மில் மூடியபின் வீட்டில் கிரைண்டர் போட்டு மாவு அரைத்து விற்றாள், அது ஒரு பன்னிரண்டு வருடம். காது போனது ஒருநாளில் போனதாக இருக்காது, தினமும் ஒரு சிட்டிகை போயிருக்கும், போவது போகிறவளுக்கே கேட்டிருக்காது. மில்லுக்குள் பேச்சு கேட்காது என்பாள். அத்தனை இயந்திரமும் ஒரே நேரத்தில் ஓடும், வாய்க்கு நேரே கத்தினாலும் கேட்காது, அதனால் யாரும் கத்த மாட்டார்கள், சும்மா வாயசைப்பார்கள், அதைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வார்கள். அவளோடு வேலை செய்த பாப்பாத்தி அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். இரண்டு பேரும் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து வாயசைத்துக்கொண்டே இருப்பார்கள், சத்தமே வராது, திடீரென்று இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள், சிரிப்புக்கு மட்டும் சத்தம் உண்டு. "ஊமைப் படம் ஓடுது, டிக்கெட் எடுத்துட்டு வா மேகலா" என்பார் அப்பா. ஒருமுறை அவினாசி ரோட்டில், எனக்குப் பத்து வயது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பாப்பாத்தி அக்கா, இந்தப் பக்கம் நாங்கள், நடுவில் பஸ்ஸும் லாரியும். இரண்டு பேரும் அப்படியே நின்று பேசி முடித்தார்கள். பஸ் குறுக்கே வந்தால் நிறுத்தி, பஸ் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள். நான் அம்மாவின் கையை விட்டுவிட்டு இரண்டு அடி தள்ளி நின்றேன். அந்த இரண்டு அடியை நான் இன்னும் மறக்கவில்லை, அவள் மறந்திருப்பாள். எதை நினைக்கத் தொடங்கினாலும் அதில் போய்த்தான் முட்டுகிறேன், ஏனென்றால் இன்றைக்கும் அதேதான் செய்கிறேன், இரண்டு அடி தள்ளி, நடுவே ஒரு மேஜை, அம்மா, உனக்குக் காது சரியாக், அம்மா, உனக்குக் காது.

குக்கர் சீற ஆரம்பித்தது. வரப்போகிறது, வரப்போகிறது, வந்துவிட்டது. கண்ணை மூடித் திறந்தேன். திறந்தபோது அம்மா ஒரு வெங்காயத்தைத் தட்டுக்கு வெளியே வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்று. அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை, கேட்டவள் முகம்தான். அப்படியென்றால் கேட்கிறது. ஒரு வாரம் வீணாகக் கஷ்டப்பட்டிருக்கிறேன், ஸ்லோ குக்கர் வீண், டாக்டர் வீண், சீலிங் ஏதோ ஒருநாள் ஞாபக மறதி, யாருக்கும் வருவதுதான். ஒரு நிமிடம் உடம்பே லேசாகிவிட்டது. நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பிறகு இரண்டாவது வந்தது. இந்த முறை கண்ணைத் திறக்கும்போது, திறந்து முடிப்பதற்குள், ஒரு நொடியின் ஓரத்தில் பார்த்துவிட்டேன், அவள் வெங்காயத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கண் திறந்து தோள் இறங்கிய பிறகு அவள் கை நகர்ந்தது. இரண்டு. அடுப்புக்கு முதுகு, எனக்கு முகம். இருபது வருடமாக அவள் இந்த நாற்காலியில்தான் உட்கார்கிறாள். அவள் குக்கரை எண்ணவில்லை, என்னை எண்ணுகிறாள். நான்தான் விசில். ஐந்து நாள் அந்த விசில் சென்னையில் இருந்தது, கொள்ளு சீலிங்குக்குப் போய்விட்டது. இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு வருத்தமா, திருப்தியா என்று யோசித்தேன், கணக்கு இடித்த இடம் சரியானதில் ஒரு திருப்தி இருந்தது, அது வெட்கமாகவும் இருந்தது. அப்புறம் நான் செய்ததை ஏன் செய்தேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மூன்றாவது வரப்போகும் சீறல் கேட்டதும் மேஜைக்கு அடியில் நகத்தை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டு சீலிங்கின் புள்ளிகளை எண்ண ஆரம்பித்தேன். விசில் அடித்தது. நீளமாக, வீடு முழுக்க. கண் மூடவில்லை. தோள் ஏறவில்லை. வாழ்நாளில் முதல் தடவை. அம்மா அடுத்த வெங்காயத்தின் நுனியைக் கிள்ளி, தோலை இழுத்து, தட்டுக்குள் போட்டாள். உள்ளே. வெளியே இரண்டுதான். விசிலின் கடைசி இழை இன்னும் காற்றில் இருந்தது, அவள் அமைதியாக உரித்துக்கொண்டிருந்தாள், ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நான் அவளைப் பார்ப்பதுபோல இருந்தது. இது பரீட்சை. என் அம்மாவுக்குத் தெரியாமல் அவளுக்கு ஒரு பரீட்சை வைத்துத் தோற்கடித்திருக்கிறேன். சாதம் குழையும். நாலாவது வரும். பொறுக்க முடியவில்லை. எந்தச் சத்தமும் இல்லாத நேரத்தில், வேண்டுமென்றே, கண்ணை இறுக மூடித் திறந்தேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் கூடுதலாகப் பார்த்தாள். வெங்காயம் ஒன்றைத் தட்டுக்கு வெளியே வைத்தாள், எழுந்தாள், போய் அடுப்பை அணைத்தாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"சாதம் குழைஞ்சிருக்கும்" என்றாள்.

"ஏம்மா?"

"இப்ப மூடுனது பொய்யி. கண்ணை மட்டும் மூடுனே, தோளு ஏறல. அப்ப முன்னாலயே ஒண்ணு போயிருக்கோணும். அதை நீ முழுங்கிட்டே."

மூன்று வெங்காயங்களில் கடைசியை எடுத்து அவள் தட்டுக்குள் போட்டுக்கொண்டாள், திருத்தம் செய்வதுபோல.

"நாளைக்குக் காலையில ஒம்போது மணிக்கே போயிரோணும்" என்றாள். "பத்துக்கு மேல அந்த டாக்டருகிட்டக் கூட்டம் நிக்கும். பாப்பாத்தி சொன்னா."

"எந்த டாக்டரும்மா? நான் ஒண்ணும் சொல்லலையே."

"ஒரு வாரமாச் சொல்லிட்டேதான இருக்கறே. பல்லு வெளக்கறப்பச் சொல்றே, கொடியில துணி போடறப்பச் சொல்றே, இப்பக்கூட வெங்காயத்தைப் பாத்துட்டே சொன்னே. அம்மா, உனக்குக் காதுன்னு ஆரம்பிக்கறே. கேக்கறதில்லைங்கறதுகிட்ட வந்து நின்னுக்கறே. எத்தனை தடவ."

அவள் குரலில் கோபம் இல்லை. அறுந்த இழை எங்கே அறுந்தது என்று சொல்கிற குரல். என் உதட்டைப் பல்லால் பிடித்துக்கொண்டேன், இனிமேல் பிடித்து என்ன. மூளையில் இருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் வாயில் இருந்திருக்கிறது. யாருக்கும் கேட்காது என்று நம்பியதெல்லாம், கேட்காத ஒருத்திக்கு மட்டும் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறது.

"தெரிஞ்சுட்டே ஏன் சும்மா இருந்தே?"

"நீயா வாயத் தொறந்து சொல்லுவியாக்கும்னு இருந்தேன். நான் முந்திக்கிட்டா அப்புறம் நீ எப்பத்தான் சொல்லிப் பழகுவே. அங்க மெட்ராஸ்ல உன்ற வாயப் பாத்துட்டு யாரு உக்காந்திருப்பாங்க."

இதைச் சொல்லும்போது அவள் வெங்காயத்தைத்தான் பார்த்தாள், அதனால் நான் அதற்குப் பதில் சொன்னாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது. இந்த ஒரு வாரத்தில் வேறு என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன் என்று பின்னால் போய்ப் பார்க்கத் தொடங்கினேன். திங்கட்கிழமை, பெட்டியை எடுத்துத் துடைக்கும்போது, போகவில்லை என்று கடிதம் எழுதிவிடலாமா என்று. புதன்கிழமை, விடுதிக்காரம்மாவிடம் பேச வேண்டிய பேச்சு முழுவதும். மந்தக் குக்கர் வந்த அன்று, பெட்டியைப் பிரிக்கும்போது, ஒரு ஆளுக்கு, ஒரு ஆளுக்கு என்று. அப்போது அம்மா எங்கே நின்றாள், முகம் பார்த்தா, முதுகு காட்டியா. அவள்தான் கத்தரியை நீட்டினாள். முகம் பார்த்துத்தான் நின்றாள். அன்றைக்கு ராத்திரிதான் கொள்ளு ஊறப் போடட்டுமா, முக்கால் கிலோ போட்டா நாலு நாளைக்கு வெச்சு நான் ஒருத்தியாச் சாப்பிட்டுக்குவேன் என்றாள். நான் அதைக் கொள்ளைப் பற்றிய பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். மந்தக் குக்கரு என்றதையும் குக்கரைப் பற்றிய பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். நன்றாகக் கவனிக்கிற பெண் என்று எல்லோரும் என்னைச் சொல்வார்கள், வாத்தியார்கள் சான்றிதழில்கூட எழுதியிருக்கிறார்கள்.

கடிகாரத்தில் பன்னிரண்டு. அம்மா நிமிர்ந்து அதைப் பார்த்தாள், ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். திருகை அவளே திருப்பினாள், சிவப்புப் புள்ளி அணைந்தது. மூடியைத் தூக்கியதும் ஆவி அவள் முகத்தை மறைத்து, மேலே போய், சீலிங்கில் அந்தப் பழைய புள்ளிகள் மேல் படிந்தது. கொள்ளின் மண் வாசனை மேஜை வரை வந்தது. அவள் ஒரு கொள்ளை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே வைத்து நசுக்கிப் பார்த்தாள். நசுங்கியது. இன்னொன்று. அதுவும். புத்தகம் படித்த கொள்ளுதான் போலிருக்கிறது. முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள், கொண்டையில் ஒரு வெங்காயத் தோல் ஒட்டியிருக்கிறது, முழங்கையில் மில் காலத்துத் தழும்பு, நாளைக்கு ஒன்பது மணிக்கு அவள் காதில் ஏதோ ஒரு கருவியை வைத்து ஏதோ ஒரு சத்தத்தை விடுவார்கள், கேட்டால் கையைத் தூக்கச் சொல்வார்கள், நான் எதிரே உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் அவள் என்னைப் பார்த்துத் தூக்கிவிடுவாள்.

"எனக்குப் போகறதுக்குப் பயமா இருக்குதும்மா."

குரலோடு வந்துவிட்டது. ஓட்டிப் பார்க்காமல், உதட்டில் வைத்துப் பார்க்காமல், நேராக. சமையலறை முழுக்கக் கேட்கிற அளவுக்குச் சத்தமாகத்தான் வந்தது. அம்மா திரும்பவில்லை. மூன்றாவது கொள்ளை நசுக்கினாள். எனக்கு ஒருவித நிம்மதியாக இருந்தது, சொல்லியும் ஆயிற்று, யாருக்கும் போய்ச் சேரவும் இல்லை. பிறகு கரண்டிக்காக இந்தப் பக்கம் திரும்பியவள் என் முகத்தைப் பார்த்து நின்றாள்.

"என்ன கண்ணு?"

"உப்புப் போடலைன்னு சொன்னேன்."

"தெரியும்" என்றாள்.

கல்லுப்பை ஒரு கை அள்ளிப் போட்டு, கிளறி, கரண்டியில் கொஞ்சம் கொள்ளை எடுத்து ஊதிக்கொண்டே மேஜைக்கு வந்தாள். எதிர் நாற்காலிக்குப் போகவில்லை. என் பக்கம் வந்து நின்று கரண்டியை முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"வாயத் தொற."